இதயத்துள் புகுந்த குழாய்

பாலாற்றை அடுத்துள்ள ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் புகழ் பெற்றவை. அங்கு உழைத்து வாழ்வோருள் எவருக்கேனும் நெஞ்சு காரணமின்றிப் படபடத்து, கண் இருண்டு, மயக்கம் வருமாயின், அவர் நாடிச் செல்லும் இடங்களுள் ஒன்று வேலூரிலுள்ள கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே கட்டிலுடன் தொடங்கிய மருத்துவப் பணியே இன்று அப்பெருநிலையமாக வளர்ந்துள்ளது. அங்குள்ள மருத்துவர்கள் நோயாளியின் மார்பைப் பிளவாமலே, தொடையிலுள்ள இரத்தக்குழாயின் வழியாக மெல்லிய குழாய்களை இதயத்துள் செலுத்தித் துடிப்புக் கோளாற்றின் பிறப்பிடத்தைக் கண்டறிகின்றனர். இதயத்துள் குழாய் செல்லக்கூடும் என்பதைத் தம் உடலிலேயே மெய்ப்பித்தவர் வெர்னர் போர்ஸ்மன் என்னும் செருமானியர்.

போர்ஸ்மன் 1904ஆம் ஆண்டு பெர்லின் நகரில் பிறந்தார். முதல் உலகப் போரில் தந்தையை இழந்த அவரைத் தாயும் பாட்டியும் வளர்த்தனர். மருத்துவக் கல்வி முடித்தபின், எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் அவர் பணியேற்றார். குதிரையின் கழுத்துச் சிரை வழியாக இதயத்துள் குழாய் செலுத்தப்பட்டதைக் காட்டும் பழைய படமொன்று அவர் உள்ளத்தில் பதிந்திருந்தது. மார்பில் ஊசியைக் குத்தாமல், மருந்தை நேரே இதயத்தில் சேர்க்க மனிதருக்கும் அவ்வழி உதவாதோ என எண்ணினார். இதயத்தைத் தீண்டினால் உயிர் போகும் என்று பலரும் அஞ்சிய காலம் அது. தலைமை மருத்துவர் இசைவு தரவில்லை.

ஆயினும் 1929ஆம் ஆண்டில் ஒருநாள் அவர் துணிந்தார். உதவிய செவிலியரோ, சோதனை தமக்கே நடக்கப்போகிறது என்று நம்பி மேசைமீது படுத்திருந்தார். அவரைக் கட்டி வைத்துவிட்டு, போர்ஸ்மன் தம் இடக்கையின் சிரையைத் திறந்து, 65 செ.மீ. நீளமுள்ள குழாயை உட்செலுத்தினார். பின்னர்ப் படியிறங்கி ஊடுகதிர் அறைக்கு நடந்து சென்றார். குழாயின் நுனி இதயத்தின் வலப்புறத்தை அடைந்திருந்ததை ஊடுகதிர்ப் படம் காட்டிற்று.

புகழ் உடனே வரவில்லை, ஏளனமே வந்தது. பெர்லினில் ஏற்ற பதவியையும் அவர் இழந்தார். இதய ஆராய்ச்சியைக் கைவிட்டுச் சிறுநீரக நோய் மருத்துவரானார். 1932இல் இட்லரின் கட்சியில் சேர்ந்தது அவர் வாழ்வில் நீங்காத கறை. உடல்துணிவு உடையவரும் நெறி பிறழக்கூடும் என்பதற்கு அதுவே சான்று. போரில் படை மருத்துவராகப் பணிபுரிந்து, சிறைப்பட்டு மீண்டார்.

இதற்கிடையே அமெரிக்காவில் கூர்நாண்டு, ரிச்சர்ட்ஸ் என்னும் இரு மருத்துவர்கள் அவருடைய முறையை வளர்த்து, இதய நோய்களை ஆராயப் பயன்படுத்தினர். 1956ஆம் ஆண்டு அவ்விருவருடன் போர்ஸ்மனுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1979இல் அவர் மறைந்தார்.

பின்வந்தோர் குழாயின் நுனியில் மின்முனைகளைப் பொருத்தினர். இதயம் துடிப்பது நுண்ணிய மின்னோட்டத்தால் அன்றோ? அது வலது மேலறையில் தோன்றி முறையாகப் பரவும். வேறோரிடத்தில் அது முறைதவறி எழுந்தாலும், ஒரே வட்டத்தில் சுழன்றாலும் துடிப்புத் தடுமாறும். ஏரிக்கரையில் உடைப்பு எங்கே என்று அறிந்தால்தான் அதனை அடைக்க இயலும். அதுபோல, மருத்துவர் குழாயை இடம்விட்டு இடம் நகர்த்தி, மின்குறி எங்கே முந்தி எழுகிறது, எவ்வழியே சுழல்கிறது என்று குறித்துப் படம் வரைகின்றனர். குற்றமுள்ள இடம் தெரிந்ததும், குழாயின் நுனியால் வெப்பமூட்டி அச்சிறு பகுதியைச் செயலறச் செய்கின்றனர். பலர் அக்கோளாற்றினின்று நிலையாக விடுபடுகின்றனர்.

ஒருவர் வழி திறந்தார். பலர் அவ்வழியைச் செப்பனிட்டனர். நலம் பெற்று மறுபடியும் வேலைக்குத் திரும்பும் ஆம்பூர்த் தொழிலாளி போர்ஸ்மனின் பெயரை அறியாதிருக்கலாம். எனினும் அவருடைய சீரான நாடித்துடிப்பில் அப்பலரின் உழைப்பும் கலந்தே இருக்கிறது.