படுத்தபடியே உலகத்துக்குப் பணி செய்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல்

கையில் ஒரு விளக்கு. இரவு நேரம். வரிசை வரிசையாகக் காயம் பட்ட சிப்பாய்கள். அவர்கள் நடுவே மெல்ல நடந்து வருகிறாள் ஒரு பெண்.

இந்தப் படத்தைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்தப் பெண்தான் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். நர்சுகளின் தாய் என்று உலகம் போற்றும் மாதரசி.

ஆனால், அவர் அப்படி விளக்கு ஏந்தி நடந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவுதான்! போர் முடிந்து ஊர் திரும்பிய பிறகு அவர் 54 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அதில் பெரும்பகுதியை நோயாளியாகவே கழித்தார். உடம்பெல்லாம் வலி. இரவில் தூக்கம் இல்லை. எழுந்து நடக்கத் தெம்பு இல்லை.

அப்படியானால் அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாம் எப்போது நடந்தன?

படுக்கையில் இருந்தபோதுதான்!

செல்வச் சீமான் வீட்டுப் பெண்

1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி, இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்து நாட்டுப் பணக்காரர்கள். பிறந்த ஊரின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள்.

இங்கிலாந்தில் அவர்களுக்கு இரண்டு பெரிய வீடுகள் இருந்தன. வீட்டில் வேலைக்காரர்களுக்குக் குறைவு இல்லை. தந்தையே மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கணக்கு என்றால் அந்தப் பெண்ணுக்கு உயிர்.

நோயாளிகளுக்குப் பணி செய்ய வேண்டும் என்று பிளாரன்ஸ் சொன்னபோது வீடே கொதித்தது. அந்தக் காலத்தில் நர்சு வேலைக்கு மதிப்பு கிடையாது. படிப்பு இல்லாதவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் செய்யும் வேலை அது என்று ஊரார் நினைத்தார்கள். தாயாரும் அக்காளும் அழுதார்கள். பிளாரன்ஸ் பல ஆண்டுகள் பொறுத்திருந்தார். தேடி வந்த மாப்பிள்ளையையும் வேண்டாம் என்றார். 1851-ல் ஜெர்மனிக்குப் போய் நர்சு வேலை கற்றார். 1853-ல் லண்டனில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் நிர்வாகி ஆனார்.

போர்க்களத்தில் வந்த காய்ச்சல்

1854-ல் இங்கிலாந்து கிரிமியா போரில் இறங்கியது. ரஷியாவை எதிர்த்து இங்கிலாந்து, பிரான்ஸ், துருக்கி ஆகிய நாடுகள் போரிட்டன. காயம் பட்ட இங்கிலாந்து சிப்பாய்கள் துருக்கியில் உள்ள ஸ்கூட்டாரி என்ற இடத்தில் குவிந்தார்கள். கட்டுப்போடத் துணி இல்லை. மாற்று உடை இல்லை. நாற்றம் தாங்க முடியவில்லை.

போர்த்துறை மந்திரி சிட்னி ஹெர்பர்ட், பிளாரன்சின் நண்பர். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் 38 நர்சுகளுடன் பிளாரன்ஸ் புறப்பட்டார். நவம்பர் மாதம் 4-ந் தேதி ஸ்கூட்டாரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

1855 பிப்ரவரியில் அங்கே சிகிச்சைக்கு வந்த 100 பேரில் 42 பேர் மாண்டார்கள். மார்ச் மாதம் அரசாங்கம் ஒரு சுகாதாரக் குழுவை அனுப்பியது. அந்தக் குழு கட்டிடத்தின் அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடைகளைச் சுத்தம் செய்தது. குடிதண்ணீரைச் சீர்ப்படுத்தியது. ஜூன் மாதம் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது! மருந்தைவிடச் சுத்தம் பெரியது என்ற பாடம் பிளாரன்சின் மனதில் ஆழப் பதிந்தது.

அதற்குள் அவருக்கே ஆபத்து வந்துவிட்டது. 1855 மே மாதம் பாலக்லாவா என்ற துறைமுகத்துக்குப் போனபோது கடும் காய்ச்சலில் விழுந்தார். பிழைப்பாரா என்று எல்லோரும் பயந்தார்கள். தலைமுடியை வெட்டினார்கள். காய்ச்சல் ஒருவாறு தணிந்தது. ஊருக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. கடைசிச் சிப்பாய் போகும் வரை இருந்துவிட்டு, 1856 ஆகஸ்டு மாதம்தான் இங்கிலாந்து திரும்பினார். வரவேற்பு, ஊர்வலம் எதுவும் வேண்டாம் என்று, வேறு பெயரில் பயணம் செய்து சத்தம் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார்.

சாவை எதிர்பார்த்த நாட்கள்

வந்ததும் ஓய்வு எடுக்கவில்லை. போரில் குண்டுபட்டுச் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே மிக அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். சண்டை இல்லாத காலத்தில்கூட, பட்டாள முகாமில் இருக்கும் வாலிபர்கள் வெளியே இருக்கும் வாலிபர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு செத்தார்கள். அதற்கும் கணக்கு வைத்திருந்தார். படிக்கத் தெரியாதவரும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும்படி, பூவிதழ் போன்ற வட்டப்படமாக அந்தக் கணக்கை வரைந்தார்.

1857 ஆகஸ்டு மாதம் உடம்பு அடியோடு விழுந்தது. நெஞ்சு படபடத்தது. மூச்சு வாங்கியது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. காய்ச்சல் போவதும் வருவதுமாக இருந்தது. நெடுநாள் வாழ மாட்டார் என்று உற்றார் உறவினர் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார். தாம் இறந்தால் என்ன செய்ய வேண்டும் என்றுகூட எழுதி வைத்தார். அப்போது அவருக்கு வயது 37.

1861 டிசம்பரில் நோய் இன்னும் முற்றியது. முதுகெலும்பில் தாங்க முடியாத வலி. எழுந்து நடக்க முடியவில்லை. ஓர் அறையில் இருந்து இன்னோர் அறைக்குப் போவதானாலும் ஆட்கள் தூக்கிச்செல்ல வேண்டும். இப்படிப் பல ஆண்டுகள்.

வேறு ஒருவராக இருந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருப்பார். பிளாரன்ஸ் பென்சிலைக் கையில் எடுத்தார்!

படுக்கையே ஆபீஸ்

உடம்பில் இருக்கும் கொஞ்சத் தெம்பை எப்படிச் செலவு செய்வது? பிளாரன்ஸ் அதற்கு ஒரு வழி கண்டார். கையில் கொஞ்சம் பணம் இருக்கும் குடும்பத் தலைவி பார்த்துப் பார்த்துச் செலவு செய்வது இல்லையா? அதைப்போல.

விருந்துக்குப் போவதை நிறுத்தினார். வீண் பேச்சை நிறுத்தினார். முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு வருபவர்களை மட்டும், ஒரு நேரத்தில் ஒருவரை மட்டுமே பார்த்தார். மந்திரியானாலும் இதே சட்டம்தான். அவரோடு வேலை செய்த டாக்டர் ஜான் சதர்லாந்துக்குக் காது மந்தம். அதனால் இருவரும் பேச வேண்டியதை எல்லாம் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வார்கள். அவர் கீழே, இவர் மாடியில்! காகிதம் ஏறி இறங்கும்.

அவர் எழுதிய கடிதங்களில் இன்றும் மிஞ்சி இருப்பவை சுமார் 14 ஆயிரம்! அறையில் நல்ல காற்றும் வெளிச்சமும் இருக்கும். பூக்கள் இருக்கும். பூனைகள் மடியிலும் காகிதத்திலும் ஏறி விளையாடும்.

போரின்போது மக்கள் திரட்டிக்கொடுத்த 44 ஆயிரம் பவுனைக் கொண்டு, 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்சுப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அங்கே படித்த பெண்கள் பல நாடுகளுக்கும் போய்ச் சேவை செய்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்த யோசனை எல்லாம் படுக்கையில் இருந்தே சொன்னார். வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் தாய்மார்களுக்காக அவர் எழுதிய சிறு புத்தகம் ஆயிரக்கணக்கில் விற்றது.

பாராத நாட்டுக்குப் பாடுபட்டார்

இந்திய மண்ணில் அவர் கால் வைத்ததே இல்லை. ஆனால் நம் நாட்டின் தண்ணீரையும் சாக்கடையையும் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு, இங்கே வேலை பார்த்த பல துரைமார்களுக்குத் தெரியாது!

இந்தியாவில் உள்ள பட்டாள முகாம்களுக்குக் கேள்வித்தாள் தயாரித்து அனுப்பச் செய்தார். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவுநீர் எங்கே போகிறது? எத்தனை பேருக்கு ஓர் அறை? பதில்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அத்தனையையும் படித்தார். இந்தியாவில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்களில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 69 பேர் இறந்தார்கள் என்று 1863-ல் வெளியான அறிக்கை கூறியது. சுகாதார வேலைகள் நடந்தன. பத்து ஆண்டுகளில் அது 18 ஆகக் குறைந்தது.

சென்னைக் கவர்னராக 1866-ல் வந்த நேப்பியர் பிரபு அவருக்குப் பழக்கமானவர். அவருக்கும் கடிதங்கள் பறந்தன. முதலில் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய வேலை, பிறகு கிராமத்து மக்களுக்காகவும் விரிந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் கொடிய பஞ்சம் தாக்கியபோது, வாய்க்கால் வெட்டுங்கள், விவசாயியைக் கடனில் இருந்து காப்பாற்றுங்கள் என்று இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதி வாதாடினார்.

நோய் தந்த கசப்பு

பிளாரன்சிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. வலி அவரைக் கடுமையானவர் ஆக்கியது. தம்மைப் போலவே மற்றவர்களும் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்.

நண்பர் சிட்னி ஹெர்பர்ட் சிறுநீரக நோயால் வாடியபோதும், வேலையை விடாதீர்கள் என்று நெருக்கினார். 1861 ஆகஸ்டு மாதம் ஹெர்பர்ட் இறந்துபோனார். அந்தத் துயரம் பிளாரன்சை விட்டு நீங்கவே இல்லை. கூடவே இருந்து கவனித்துக்கொண்ட அத்தை மேய், சொந்தக் குடும்பத்தைப் பார்க்கத் திரும்பிப் போனபோது அதை மன்னிக்கப் பல ஆண்டுகள் ஆயின. கண்ணுக்குத் தெரியாத வலி நோயாளியை மட்டும் அல்ல, பக்கத்தில் இருப்பவர்களையும் வாட்டும். வயதான காலத்தில் அவர் மனம் கனிந்தது. பழைய பிணக்குகள் தீர்ந்தன.

என்ன நோய்?

ஆட்டுப்பால், பசும்பால் ஆகியவற்றைக் காய்ச்சாமல் குடித்தால் வரக்கூடிய புரூசெல்லா என்ற கிருமிக் காய்ச்சலே அவரைப் பிடித்திருக்க வேண்டும் என்று 1995-ல் ஓர் ஆராய்ச்சியாளர் எழுதினார். அந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது 1887-ல்தான். எனவே, அவருடைய டாக்டர்களுக்கு அது தெரிய வழி இல்லை. சிலர் அவருக்கு வந்தது வெறும் மன நோய், வெறும் நடிப்பு என்றுகூடப் பேசினார்கள்.

இப்படிப்பட்ட பழிச்சொல்லை இன்றும் பலர் கேட்கிறார்கள். பைப்ரோமயால்ஜியா என்று ஒரு நோய் இருக்கிறது. உடம்பு முழுவதும் தசை வலிக்கும். தூங்கி எழுந்தாலும் அசதி தீராது. ஞாபகம் தடுமாறும். ஆனால் எக்ஸ்ரே எடுத்தாலும் ரத்தம் சோதித்தாலும் எதுவும் தெரியாது. பெண்களுக்கே இது அதிகம். வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள் என்று வீட்டாரே சொல்லிவிடுவதும் உண்டு. அந்த நோயாளிகளை மறக்காமல் இருக்க ஆண்டுதோறும் மே 12-ந் தேதி கடைப்பிடிக்கப்படுகிறது. அது பிளாரன்ஸ் பிறந்த நாள். உலக நர்சுகள் தினமும் அதே நாள்தான்.

அந்தக் காலத்து டாக்டர்கள் பிளாரன்சைப் படுத்தே இருக்கச் சொன்னார்கள். பைப்ரோமயால்ஜியா உள்ளவர்களுக்கு இன்றைய டாக்டர்கள் சொல்வது வேறு. படுத்தே கிடந்தால் தசை தளரும், வலி கூடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும். இன்று ஐந்து நிமிடம், சில நாள் கழித்து ஏழு நிமிடம் என்று மெல்லக் கூட்ட வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மறுநாள் விழக்கூடாது. வேலையைப் பங்கிட்டு, நடுவே ஓய்வும் எடுக்க வேண்டும். தெம்பை எண்ணிச் செலவு செய்த பிளாரன்சின் வழி இதற்குப் பொருந்தும்.

90 வயது வரை

சுமார் 60 வயதுக்கு மேல் பிளாரன்சுக்கு வலி குறைந்தது. 1882-ல் தம் பெயரால் நடந்த நர்சுப் பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய்ப் பார்த்தார். அது தொடங்கி 22 ஆண்டுகள் ஆகியிருந்தன! பிறகு மெல்லக் கண் பார்வை போயிற்று. 1907-ல் இங்கிலாந்து மன்னர் ஆர்டர் ஆப் மெரிட் என்ற உயர்ந்த விருதை அவருக்கு வழங்கினார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவரே.

1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. மன்னர்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய அரசாங்கம் முன்வந்தது. அவருடைய விருப்பப்படி குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்தில், பெற்றோரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லில் முழுப்பெயர் கிடையாது. பெயரின் முதல் எழுத்துகளும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் மட்டுமே.

37 வயதில் சாவுக்குத் தயாரான பெண், அதன் பிறகு 53 ஆண்டுகள் வாழ்ந்தார். வலி போன பிறகு வேலை செய்யலாம் என்று அவர் காத்திருந்தால், உலகத்துக்கு அந்த 53 ஆண்டுகளில் பாதி கிடைத்திருக்காது.