50 வயதிலும் களமிறங்கிய ஸ்டான்லி மெத்தியூஸ்

எமது ஊர்க் கழகங்களில் ஒரு வீரருக்கு முப்பது வயது தாண்டினால் போதும், அவரை ஓரமாக உட்கார வைத்துவிடுகிறோம். பெருநாளையொட்டி நடக்கும் போட்டிகளில் திருமணமானவர்கள் அணி என்று ஒன்றைச் சேர்த்து, அதில் வேடிக்கைக்காக விளையாட விடுகிறோம். அவரும் அதற்குள் வயிறு வைத்து, பத்து நிமிடம் ஓடினாலே மூச்சு வாங்கும் நிலைக்கு வந்திருப்பார். வயது போய்விட்டது என்று அவரும் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். மாலை வேளைகளில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் சொல்லிக் கொடுப்பவன் என்ற வகையில் இந்தப் பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். அதனால்தான் இங்கிலாந்தின் ஸ்டான்லி மெத்தியூஸைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. இன்றைய பிள்ளைகள் அவரது பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

1915 பெப்ரவரி 1ஆம் திகதி ஸ்டோக் நகரின் ஹென்லி பகுதியில் அவர் பிறந்தார். மட்பாண்டத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர் அது. தந்தை ஜெக் மெத்தியூஸ் சலூன் வைத்திருந்தவர், அத்தோடு குத்துச்சண்டை வீரர். மகனும் தன்னைப் போல் குத்துச்சண்டைக்கு வருவான் என்று எதிர்பார்த்தார். அது நடக்கவில்லை. ஆனால் அதிகாலையில் எழுப்பித் திறந்த ஜன்னல் முன் மூச்சுப் பயிற்சி செய்ய வைப்பது, ஓட விடுவது என்று அந்த வீட்டில் தொடங்கிய பழக்கம் அவர் சாகும்வரை விடவில்லை. 15 வயதில் ஸ்டோக் சிட்டி கழகத்தின் காரியாலயத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். 17ஆவது பிறந்த நாளன்று தொழில்முறை வீரராகக் கையெழுத்திட்டார். 1934இல் இங்கிலாந்து அணிக்கு வந்துவிட்டார்.

வலதுபக்க ஓரமாகப் பந்தைக் கொண்டு செல்லும் முன்கள வீரர் அவர். எதிரணிப் பின்கள வீரரை நோக்கி மெதுவாக வருவார், இடுப்பை இடப்பக்கம் சாய்ப்பார், அந்த மனிதர் அப்பக்கம் சரிந்ததும் வெளிப்பக்கமாகப் பாய்ந்து போய்விடுவார். எல்லோருக்கும் தெரிந்த ஒரே வித்தைதான். இருந்தும் முப்பது வருடங்களாக அதை யாராலும் சரியாகத் தடுக்க முடியவில்லை. முதல் நான்கைந்து யார் தூரத்தில் அவரிடமிருந்த வேகம்தான் அதற்குக் காரணம். அந்த வேகத்தை நாற்பது வயதிலும் காப்பாற்றியது எப்படி என்பதில்தான் எனக்கு அக்கறை.

அவர் மது அருந்தவில்லை, புகைக்கவில்லை. இறைச்சியைத் தவிர்த்து மரக்கறியையே உண்டார். வார இறுதியில் போட்டி முடிந்தால் திங்கட்கிழமை சாப்பிடாமல் இருப்பார். திங்கட்கிழமை நோன்பு எமக்குப் புதிதல்ல, அது எமக்கு சுன்னத். அவருக்கோ மார்க்கம் சம்பந்தப்பட்ட விடயமல்ல, உடம்புக்குக் கொடுக்கும் ஓய்வு மட்டுமே. ஆனாலும் ரமழான் வந்ததும் ஒரு மாதம் பந்தையே மறந்துவிடும் எங்கள் இளைஞர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். ப்ளெக்பூலில் வசித்த காலத்தில் அதிகாலையிலேயே கடற்கரை மணலில் தனியாக ஓடுவார். மைதானத்துக்கு நடந்து போகும்போது பாரமான சப்பாத்து அணிவார், அப்போதுதான் விளையாட்டுச் சப்பாத்து இலேசாக இருக்கும் என்பதற்காக. 1950 உலகக் கிண்ணத்துக்குப் பிரேஸில் சென்றபோது தென்னமெரிக்க வீரர்களின் மெல்லிய சப்பாத்துகளைக் கண்டு, அதேபோல் தனக்கும் செய்வித்துக்கொண்டார்.

இவ்வளவும் பணத்துக்காகவா? அக்காலத்தில் இங்கிலாந்து வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1961இல் அது நீக்கப்பட்டபோது வாரத்துக்கு 20 பவுண்தான் எல்லை. நாடே அறிந்த மெத்தியூஸும் யாருக்கும் தெரியாத இன்னொருவரும் அந்த எல்லைக்குள்தான் சம்பாதித்தார்கள். இருபதாயிரம் பேர் அவரைப் பார்க்கவென்றே வந்தாலும் அவரது பையில் அதற்காக மேலதிகமாக எதுவும் விழாது. தொழில்முறை என்ற சொல்லை இன்று நாம் ஒப்பந்தத் தொகையோடு சேர்த்துப் பேசுகிறோம். அவரைப் பொறுத்தவரை அது காலை ஆறு மணியோடு சம்பந்தப்பட்டது.

அவரை மலக்கு போலக் காட்டவும் நான் விரும்பவில்லை. புகைக்காத அதே மனிதர் 1950களில் சிகரெட் விளம்பரத்தில் தோன்றினார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. முகாமைத்துவத்தோடும் முரண்பட்டிருக்கிறார். 1938இல் ஸ்டோக்கை விட்டுப் போகப்போகிறேன் என்று அவர் கேட்டதும், ஊரே கிளர்ந்து 3,000 பேர் வரை கூட்டம் கூடி அவரைத் தடுத்தார்கள். யுத்தத்தின்போது விமானப் படையில் இருந்தார். 1947இல், 32 வயதில், 11,500 பவுணுக்கு ப்ளெக்பூல் கழகம் அவரை வாங்கியது. அந்த வயதில் ஒருவரை வாங்குவது வீண் செலவு என்று நினைத்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அவர் அங்கு 14 வருடங்கள் விளையாடினார்.

ப்ளெக்பூலோடு 1948இலும் 1951இலும் எப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டிக்கு வந்து இரு தடவையும் தோற்றார். அந்தக் கிண்ணத்தை வெல்ல வேண்டும் என்பது மரணப் படுக்கையில் இருந்த தந்தை அவரிடம் வைத்த வேண்டுகோள். மூன்றாவது வாய்ப்பு 1953 மே 2ஆம் திகதி வெம்ப்ளியில் வந்தபோது அவருக்கு 38 வயது. இருபது நிமிடங்களே மீதமிருக்கையில் போல்டன் வொண்டரர்ஸ் 3-1 என முன்னிலையில் இருந்தது. அதன் பிறகு ப்ளெக்பூல் வீரர்கள் செய்தது ஒன்றுதான், பந்தை மெத்தியூஸிடம் கொடுத்தார்கள். அவர் வலதுபக்கத்தால் மீண்டும் மீண்டும் போனார். ஸ்டான் மோர்டென்ஸன் மூன்று கோல்களை நிறைவு செய்தார். மேலதிக நேரத்தில் மெத்தியூஸ் கொடுத்த பந்தை பில் பெர்ரி கோலாக்க, ஆட்டம் 4-3 என முடிந்தது. நியாயமாகச் சொன்னால், போல்டன் அணியில் எரிக் பெல் காயத்தோடு நொண்டிக்கொண்டிருந்தார், மெத்தியூஸைத் தடுக்க நின்ற ரால்ப் பேங்க்ஸுக்குக் கால் பிடித்துக்கொண்டது, மாற்று வீரர் முறையும் அப்போது இல்லை. இருந்தும் மற்றவர்கள் களைத்து விழும் நேரத்தில் 38 வயதுக்காரர் ஓடிக்கொண்டிருந்தார் என்பது மிச்சமிருக்கிறது.

அந்தப் போட்டிக்கு மெத்தியூஸின் இறுதிப் போட்டி என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் அதை விரும்பவில்லை. மூன்று கோல் போட்டவர் மோர்டென்ஸன், வெற்றிக் கோல் பெர்ரியுடையது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சக வீரர்கள் மத்தியில் அவரது செல்வாக்கை நான் இங்குதான் காண்கிறேன். அவர் சத்தம் போடுபவர் அல்ல, உடைமாற்றும் அறையில் உரையாற்றுபவரும் அல்ல. சொல்லப்போனால் ஒதுங்கிய சுபாவம் கொண்டவர். ஆனால் அவரது உழைப்பின் பலன் பெரும்பாலும் மற்றவர்களின் பெயரில் கோலாகப் பதிவானது.

ஜிம்மி ஆர்ம்பீல்ட் என்ற இளைஞர் 1954இல் ப்ளெக்பூல் அணிக்கு வந்தார். வலதுபக்கப் பின்கள வீரர், அதாவது மெத்தியூஸுக்கு நேர் பின்னால் நிற்பவர். தன்னைவிட இருபது வயது மூத்த ஒருவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த அவர், பின்களத்திலிருந்து முன்னேறித் தாக்கும் பாணிக்கு முன்னோடிகளில் ஒருவராகப் பேசப்பட்டார், இங்கிலாந்தின் அணித்தலைவராகவும் ஆனார். மெத்தியூஸ் போய்விட்ட பிறகும் வேறு கழகம் தேடாமல் ப்ளெக்பூலிலேயே தன் விளையாட்டுக் காலத்தை முடித்தார்.

1956இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருது முதல் தடவையாக வழங்கப்பட்டபோது, அல்பிரடோ டி ஸ்டெபானோவை மூன்று புள்ளிகளால் முந்தி மெத்தியூஸ் அதைப் பெற்றார். வயது 41. மறு வருடம் இங்கிலாந்துக்காகக் கடைசியாக விளையாடினார். அத்தோடு முடிந்தது என்றுதான் எவரும் நினைப்பார்கள்.

1961 ஒக்டோபரில், 46 வயதில், அவர் ஸ்டோக்குக்குத் திரும்பினார். கழகம் இரண்டாம் பிரிவில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய சொந்த மைதானப் போட்டிக்கு வந்தவர்கள் 8,409 பேர். அவர் இறங்கிய முதல் நாள் வந்தவர்கள் 35,974 பேர். முகாமையாளர் டோனி வொடிங்டன் அவரைச் சுற்றி அனுபவசாலிகளையே சேர்த்தார். ப்ளெக்பூலில் அவரோடு விளையாடிய ஜெக்கி மூடி, மியூனிக் விமான விபத்தில் உயிர் தப்பிய டெனிஸ் வயலட், பின்னர் ஜிம்மி மெக்கில்ரோய். இவர்களில் பலரை மற்றவர்கள் காலம் முடிந்தவர்கள் என்று கருதினார்கள். 48 வயதுக்காரர் அதிகாலையில் ஓடிவிட்டு வரும்போது, முப்பது வயதுக்காரர் களைப்பாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வார்? எடி க்ளம்ப் என்ற முரட்டு வீரர் மெத்தியூஸுக்கு மெய்ப்பாதுகாவலர் போலவே விளையாடினார், அவரை உதைத்தவர் பிறகு எடிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மெத்தியூஸோ தன்னை உதைத்தவரை ஒருபோதும் திருப்பி உதைத்ததில்லை. கிட்டத்தட்ட 700 லீக் ஆட்டங்களில் நடுவரின் எச்சரிக்கை ஒன்றுகூட அவருக்குக் கிடையாது. 1963 மே மாதம் லூட்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஸ்டோக் முதலாம் பிரிவுக்குத் தரமுயர்ந்தது. அந்தப் பருவத்தில் அவர் போட்ட ஒரே கோல் அன்றுதான் வந்தது.

1965 பெப்ரவரி 6ஆம் திகதி புல்ஹாம் அணிக்கு எதிராகக் கடைசி லீக் ஆட்டம். ஐம்பது வயதும் ஐந்து நாட்களும். அவ்வருடம்தான் சேர் பட்டமும் கிடைத்தது, விளையாடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பெற்ற ஒரே உதைபந்தாட்ட வீரர் அவர். ஏப்ரலில் நடந்த பிரியாவிடைப் போட்டியின் முடிவில் ஹங்கேரியின் புஸ்காஸும் ரஷ்யாவின் யாஷினும் அவரைத் தோளில் சுமந்து வந்தார்கள். அவரது குறையெல்லாம் இரண்டு வருடம் முந்தி ஓய்வு பெற்றுவிட்டேன் என்பதுதான்.

முகாமையாளராக அவர் சோபிக்கவில்லை. போர்ட் வேல் கழகத்தில் அவரது காலம் விதிமீறல் குற்றச்சாட்டுகளோடு முடிந்தது. ஆனால் ஆபிரிக்காவில் அவர் செய்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1950களிலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் அங்கு சென்று சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தார். கானாவில் ஹார்ட்ஸ் ஒப் ஓக் கழகத்துக்காக விளையாடியிருக்கிறார். தென்னாபிரிக்காவின் இனஒதுக்கல் சட்டம் கறுப்பின மக்களை சொவேட்டோவில் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், அங்கே போய் பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டு ஓர் அணியை உருவாக்கினார். நீங்கள் எங்கே போய் விளையாட விரும்புகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர்கள் பிரேஸில் என்றார்கள். நடக்காத காரியம் என்று அவர் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அனுசரணையாளர்களைத் தேடினார். 1975இல், 60 வயது மெத்தியூஸோடு அந்தப் பிள்ளைகள் ரியோ நகரில் போய் இறங்கினார்கள். ஸ்டானின் ஆட்கள் என்பதுதான் அந்த அணியின் பெயர்.