நிறம் தேடிய விழி

சேந்தமங்கலத்துச் சமவெளியிலிருந்து கிழக்கே நோக்கினால் கொல்லிமலை நீலமாகத் தெரியும். அடிவாரத்தை அடைந்ததும் அந்நீலம் மறைந்து காட்டின் பசுமை புலப்படும். மலை நிறம் மாறுவதில்லை. இடையிலுள்ள காற்றுச் சிதறடிக்கும் ஒளி கண்ணை வந்தடைவதால் நேரும் தோற்றம் அது. அவ்வாறாயின் நிறம் பிறக்கும் இடம் பொருளா, ஒளியா, கண்ணா? இவ்வினாவுக்கு வாழ்நாளின் இறுதிவரை விடை தேடியவர் சர் சி. வி. இராமன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அலுவலரானார். பத்தாண்டுகளுக்குப்பின், ஊதியம் குறையும் என அறிந்தே அப்பதவியைத் துறந்து இயற்பியல் பேராசிரியரானார்.

1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. வானின் நீலத்தையே கடல் எதிரொளிக்கிறது என்பது பேரறிஞர் ராலேயின் கருத்து. இராமன் பட்டகம் ஒன்றின் வழியே கடலை நோக்கி, நீர்ப்பரப்பில் எதிரொளித்த வான ஒளியை விலக்கினார். நீலம் மங்கவில்லை; முன்னினும் செறிந்து தோன்றியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன எனத் தெளிந்தார்.

1928இல் நிகழ்ந்த பெருங்கண்டுபிடிப்பிலும் முதற்கருவி கண்ணே. ஊதா நிறவடிகட்டி வழியே வந்த சூரிய ஒளியைத் திரவத்தினுள் செலுத்தி, பச்சை வடிகட்டி வழியே இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் நோக்கினர். சிதறிய ஒளி நிறம் மாறாதிருந்தால் இருளே தெரிந்திருக்கும்; மெல்லிய ஒளி தெரிந்தது. 1930இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது.

முதுமையில், அதுவரை கருவியாக இருந்த கண்ணையே ஆய்வுப்பொருளாக்கினார். ஒளிமிக்க வெண்திரையை நிறவடிகட்டி வழியே சிறிதுநேரம் நோக்கி, பின் அதனைச் சட்டென விலக்குவார். அப்போது திரையில் தோன்றும் உருவம் நோக்குபவரின் விழித்திரைக்கு உரியது! தன் கண்ணின் உள்ளமைப்பைத் தானே காண இதனினும் எளிய வழி அரிது. ரோஜா முதலிய மலர்களின் நிறங்களையும் ஆராய்ந்தார். இவ்வாய்வுகள் 1968இல் நூலாக வெளிவந்தன.

சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்குரிய மூவகை உணர்விகளாலேயே கண் நிறமறிகிறது என்னும் கொள்கையை அந்நூலில் அவர் மறுத்தார். ஆனால், மூவகைக் கூம்புச் செல்கள் உள்ளமை 1964இலேயே அளந்து காட்டப்பட்டிருந்தது. இன்று கணினித் திரையில் விரியும் இணையப்பக்கத்தின் எல்லா வண்ணங்களும் அம்மூன்று ஒளிகளின் கலவையே. கடல்நீலத்தில் வென்ற அவரது துணிவு இங்கு வெல்லவில்லை. எனினும் நிறத்தைப் பொருளில் மட்டும் தேடாமல் காண்பவரின் கண்ணிலும் தேட வேண்டும் என்ற அவரது நோக்கு, எழுத்துக்கும் பின்புலத்துக்கும் வண்ணம் தேரும் வடிவமைப்பாளருக்கு இன்றும் பொருந்துவது.

1970இல் நோயுற்றபோது, மருத்துவமனையில் தங்க மனமின்றிப் பெங்களூரில் தாம் நிறுவிய ஆய்வு நிலையத்துக்கே திரும்பினார். அவ்வாண்டு நவம்பர் 21 அன்று மறைந்தார். மலர்களின் நிறம் ஆராய்ந்த அவரது உடல் அந்நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது.