நோய் தீர்க்கும் கனி

சி. எஸ். லூயிஸ், 1898ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் வழக்கறிஞர், தாயார் பட்டதாரி. வீடெங்கும் நூல்கள் நிறைந்திருந்தன. மழை நாள்களில் லூயிஸும் அவருடைய அண்ணனும் அறைக்குள் அமர்ந்து படிப்பார்கள். பேசும் விலங்குகள் வாழும் கற்பனை நாடொன்றைப் படைத்து, அதன் கதைகளை எழுதி மகிழ்வார்கள்.

1908ஆம் ஆண்டு அந்த மகிழ்ச்சி குலைந்தது. தாயார் புற்றுநோயால் படுக்கையில் விழுந்தார். அவர் குணமடைய வேண்டுமெனச் சிறுவன் லூயிஸ் இறைவனை மன்றாடினான். எனினும், ஆகஸ்டு மாதத்தில் தாயார் காலமானார். அப்பொழுது அவனுக்கு வயது ஒன்பது. அடுத்த மாதமே அவன் கடல் கடந்து, இங்கிலாந்திலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான்.

வளர்ந்தபின் லூயிஸ் முதல் உலகப் போரில் போரிட்டுக் காயமுற்றார். 1925ஆம் ஆண்டு முதல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். 1950 முதல் 1956 வரை, ஆண்டுக்கு ஒன்றாக ‘நார்னியா’ வரிசையின் ஏழு நூல்கள் வெளிவந்தன. முதல் நூலில் நான்கு சிறுவர்கள் ஓர் உடையலமாரியின் வழியாக வேற்றுலகம் செல்கிறார்கள்.

அவ்வரிசையில் ஆறாவதாக, 1955இல் வெளிவந்தது ‘மந்திரவாதியின் மருமகன்’. லூயிஸ் நெடுநாள் முயன்று, எல்லாவற்றிற்கும் கடைசியாக முடித்த நூல் இதுவே. இதன் நாயகன் டிகோரியின் தாயார் தீராத நோயில் கிடக்கிறார். தாய்மாமன் செய்த மந்திர மோதிரத்தால் டிகோரி வேற்றுலகை அடைகிறான். அங்கே நோய் தீர்க்கும் கனியொன்றைப் பறித்துவரும் பொறுப்பு அவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. அக்கனியைத் திருடித் தாயிடம் கொண்டு செல்லுமாறு சூனியக்காரி தூண்டுகிறாள். அவன் மனம் தவிக்கிறது; ஆயினும், கொடுத்த வாக்கை அவன் மீறவில்லை. பின்னர், உரிமையோடு வழங்கப்பட்ட கனியை உண்டு அவன் தாயார் நலம் பெறுகிறார். அக்கனியின் விதைப்பகுதியிலிருந்து வளர்ந்த மரம், பின்னாளில் புயலில் சாய்ந்து, முதல் நூலின் உடையலமாரியாகிறது.

இதனால், இவ்வரிசையை எந்த நூலிலிருந்து தொடங்குவது என்ற வினா எழுந்தது. 1957இல் அமெரிக்கச் சிறுவன் ஒருவன் கடிதம் எழுதிக் கேட்டபோது, கதை நிகழும் கால வரிசையில் படிக்கலாம் என்ற அவன் கருத்தையே லூயிஸ் ஏற்றார். எனினும், வரிசை பெரிதன்று என்பதையும் சுட்டினார்.

லூயிஸ் 1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் மறைந்தார். நீலாய் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் வாழும் மாணவருக்கு நார்னியாவின் பனி புதிது. ஆனால், நோயுற்ற தாயின் கட்டிலருகே நிற்கும் பிள்ளையின் தவிப்பு எவ்வூருக்கும் பொதுவானது. தம் வாழ்வில் கிட்டாத கனியை, 47 ஆண்டுகளுக்குப் பின் லூயிஸ் ஒரு கதைச் சிறுவனின் கையில் வைத்தார். அதையும் எளிதில் கொடுத்துவிடவில்லை. நேர்மை தவறாத பின்னரே கொடுத்தார்.