ஒரு டாலர் கேமரா தந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன்



நம்ம பேரவை மலரில் வருஷா வருஷம் யாராவது ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு வந்துவிடும். எடிசன் வந்தாச்சு, ஜேம்ஸ் வாட் வந்தாச்சு, சர் சி.வி.ராமன் வந்தாச்சு. நான் எழுத எடுத்துக்கொண்டவர் பட்டம் வாங்கியவர் இல்லை. பேங்க் கிளார்க். ஆனால் கேண்டீன் வாசலில் நின்று, தோள்மேல் கை போட்டு, சும்மா ஒரு படம் எடுத்துக்கொள்கிறோமே, அந்தப் பழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அவர்தான். பெயர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். கோடக் கம்பெனியின் முதலாளி.

1854-ம் வருஷம் ஜூலை 12-ந் தேதி, அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ராசெஸ்டர் நகரத்தில் ஒரு வணிகக் கல்லூரி நடத்தியவர். கணக்கு எழுதச் சொல்லிக் கொடுக்கும் இடம். 1862-ல் அப்பா இறந்துபோனார். ஜார்ஜுக்கு அப்போது 7 வயது. இரண்டு அக்கா. அதில் ஒருவர் போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். 1870-ல் அவரும் போய்விட்டார். அம்மா மரியா, வீட்டில் ஆட்களைத் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, அந்த வருமானத்தில் குடும்பத்தை ஓட்டினார். 1868-ல் ஜார்ஜ் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் எடுபிடி வேலைக்குப் போனார். வாரத்துக்கு 3 டாலர். அதில் எதற்கு எவ்வளவு செலவு என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க அண்ணன் ஞாபகம் வந்தது. எங்க வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். நான் வரவேண்டும் என்பதற்காகப் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன் அவன். வீட்டுக்கு ஒரு ஜார்ஜ் இருக்கத்தான் செய்கிறார்.

1874-ல் அவருக்கு ராசெஸ்டர் சேமிப்பு வங்கியில் கிளார்க் வேலை கிடைத்தது. வாரம் 15 டாலர். அந்த 3 டாலரையும் இந்த 15 டாலரையும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1877-ல் லீவு போட்டுவிட்டு சாண்டோ டொமிங்கோ போய்வரலாம் என்று ஒரு யோசனை. போகிறதுதான் போகிறாய், ஒரு கேமரா எடுத்துப் போய்ப் படம் பிடித்து வா என்று கூட வேலை பார்த்தவர் சொன்னார். கேமராவும் வாங்கினார். அன்றைய கேமரா என்றால் அது ஒரு குடித்தனம் மாதிரி. பெரிய பெட்டி, கனமான ஸ்டாண்டு, கண்ணாடித் தகடுகள், ரசாயன பாட்டில்கள், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கூடாரம். ஏன் கூடாரம் என்றால், படம் எடுப்பதற்குச் சற்று முன்னால்தான் இருட்டில் கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் ஊற்றி, சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். தகடு ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள் கழுவியும் ஆகவேண்டும். காய்ந்தால் போச்சு. இதைக் கற்றுக்கொள்ளவே 5 டாலர் கட்டணம் கொடுத்தார். கடைசியில் சாண்டோ டொமிங்கோ போகவே இல்லை. ஆனால் இவ்வளவு சிரமம் எதற்கு என்ற கேள்வி மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டது.

இங்கிலாந்திலிருந்து வரும் போட்டோகிராபி பத்திரிகைகளில், ஜெலட்டின் பூசிய தகடு காய்ந்த பிறகும் வேலை செய்யும் என்று எழுதியிருந்தார்கள். அதைத் தானே செய்து பார்க்க ஆரம்பித்தார். பகலில் பேங்க், ராத்திரியில் அம்மாவின் அடுப்படி. சில நாள் அடுப்புப் பக்கத்திலேயே தரையில் படுத்துத் தூங்கிவிடுவாராம். தகட்டில் கையால் பூசினால் ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் வரும். அதற்காக ஒரு பூச்சு மெஷினே செய்தார். 1879-ல் லண்டனுக்குப் போய் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1880-ல் ராசெஸ்டரில் ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியை வாடகைக்குப் பிடித்துத் தகடு தயாரித்தார். அவங்க வீட்டில் தங்கியிருந்த ஹென்றி ஸ்ட்ராங் என்பவர், குதிரை வண்டிச் சாட்டை செய்யும் முதலாளி, பணம் போட்டார். 1881 ஜனவரியில் கம்பெனி தொடங்கியது. பேங்க் வேலையை அப்போதும் விடவில்லை. தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போன பிறகுதான், அந்த வருஷம் செப்டம்பரில் ராஜினாமா செய்தார்.

அடுத்த வருஷமே அடி விழுந்தது. 1882-ல் கடைகளுக்குப் போன தகடுகளில் படம் விழவில்லை என்று புகார்மேல் புகார். ஈஸ்ட்மன் விற்ற தகடுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வேறு தகடு கொடுத்தார். கையிருப்பு கிட்டத்தட்ட காலி. பார்முலாவில் ஒரு மாற்றமும் இல்லை, மெஷினிலும் இல்லை. இங்கிலாந்து போய் விசாரித்த பிறகுதான் குற்றம் ஜெலட்டினில் இருக்கிறது என்று தெரிந்தது. நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு இது புரியும். வொர்க்ஷாப்பில் லேத்தையே திட்டிக்கொண்டிருப்போம், பார்த்தால் கொடுத்த ராடு சரியில்லாமல் இருக்கும். இதில் சுவாரசியம் என்னவென்றால், முழுக் காரணம் 1920-களில்தான் கோடக் ஆராய்ச்சிக்கூடத்தில் வெளியே வந்தது. ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. மாடு கடுகுச் செடி தின்றிருந்தால், அதிலிருக்கும் கந்தகச் சத்து ஜெலட்டின் வரைக்கும் வந்து, தகட்டின் ஒளி உணரும் சக்தியைக் கூட்டுகிறது. கடுகு இல்லையென்றால் படமும் மந்தம்! தாளிக்கிற கடுகுக்கும் போட்டோவுக்கும் சம்பந்தம் உண்டு என்று யார் நினைத்தோம்?

கண்ணாடி கனம், உடையும். அதனால் சுருட்டி வைக்கிற மாதிரி பிலிம் செய்தார். முதலில் காகிதத்தின்மேல் பூசினார். ஸ்டுடியோக்காரர்கள் அதைச் சீந்தவில்லை. கண்ணாடியில் வருகிற சுத்தம் இதில் இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். வேறொருத்தராக இருந்தால் பிலிமை மூட்டை கட்டியிருப்பார். இவர் வாடிக்கையாளரையே மாற்றினார். போட்டோ பிடிக்கவே தெரியாத ஜனங்களிடம் போனார். அவருடைய மூளை வேலை செய்த இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

1888-ல் கோடக் கேமரா வந்தது. கோடக் என்பதற்கு எந்த பாஷையிலும் அர்த்தம் கிடையாது. அவருக்கு ஆங்கிலத்தில் ‘கே’ எழுத்துமேல் ஒரு பிரியம். முன்னாலும் பின்னாலும் அதைப் போட்டு, யாரும் தப்பாகச் சொல்ல முடியாத சின்னப் பெயராக அவரே உண்டாக்கினார். கேமராவில் செய்யவேண்டியது மூன்றே வேலை. கயிற்றை இழு, சாவியைத் திருகு, பட்டனை அமுக்கு. போகஸ் கிடையாது, எட்டிப் பார்க்கக் கண்ணாடியும் கிடையாது. 100 படத்துக்கான பிலிம் உள்ளேயே இருக்கும். எல்லாம் தீர்ந்ததும் கேமராவை அப்படியே ராசெஸ்டருக்குப் பார்சலில் அனுப்பினால், கழுவி, பிரிண்ட் போட்டு, புது பிலிம் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

விலை 25 டாலர். ஒரு தடவை கழுவிப் புது பிலிம் போட 10 டாலர். இப்போது அந்தப் பழைய கணக்கை எடுங்கள். 15 டாலர் வாங்கிய பேங்க் கிளார்க்குக்கு இது ஒன்றரை வாரச் சம்பளத்துக்கும் மேலே. 3 டாலர் வாங்கிய எடுபிடிப் பையனுக்கு 8 வாரத்துக்கும் மேலே. அதாவது, ஜார்ஜ் செய்த கேமராவைச் சின்ன வயசு ஜார்ஜால் வாங்கியிருக்க முடியாது.

1889-ல் காகிதத்துக்குப் பதில் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பிலிம் வந்தது. எடிசன் சினிமா எடுக்க அதைத்தான் பயன்படுத்தினார். விலை மட்டும் இறங்கவேண்டியிருந்தது. 1900-ல் இறங்கியது. பிரவுனி! பிராங்க் பிரவுனெல் என்பவர் வடிவமைத்தது. அட்டைப் பெட்டிதான், மேலே தோல் மாதிரி ஒரு உறை. ஒரே ஒரு சாதாரண லென்ஸ். எந்தப் பக்கம் குறி வைக்கிறோம் என்று பார்க்கப் பெட்டியின் தலையில் இரண்டு கோடு. விலை 1 டாலர். 6 படத்துக்கான பிலிம் 15 சென்ட், கழுவும் கூலி தனி. முதல் வருஷத்திலேயே லட்சத்துக்கும் மேல் விற்றது. வாரம் 3 டாலர் வாங்குகிற பையன் இப்போது கேமரா வாங்கலாம்.

அட்டைப் பெட்டிதானே என்று சிலருக்கு இளப்பமாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றாது. காரணம் சொல்கிறேன். எங்க தாத்தா இறந்தது 1986-ல். அவர் படம் ஒன்றுகூடக் கிடையாது. பிரவுனி வந்து 86 வருஷம் ஆகியும் எங்க தெருவுக்குள் ஒரு கேமரா வரவில்லை. டவுனில் ஸ்டுடியோ இருந்தது. ஆனால் பஸ் செலவும் படச் செலவும் போட்டு, ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு யார் போவார்கள்? அப்போது எங்கப்பாவுக்கு 10 வயசு. முகம் கலங்கலாகத்தான் ஞாபகம் என்பார். மற்ற வீடுகளில் படத்துக்கு மாலை போட்டுப் படையல் வைப்பார்கள். எங்க வீட்டில் ஒரு வேட்டி துண்டை மடித்து வைத்து, விளக்கேற்றிக் கும்பிடுவோம். தாத்தா யார் மாதிரி இருப்பார் என்று அப்பாயியிடம் கேட்டால், ஒரு நாள் அண்ணனைக் காட்டும், ஒரு நாள் என்னைக் காட்டும். மங்கலாக, ஓரம் வெட்டுப்பட்டு, ஒரே ஒரு பிரவுனிப் படம் இருந்திருந்தால் எங்களுக்குப் போதும்.

சரி, ஈஸ்ட்மன் பெரிய மனுஷர்தான், ஆனால் அவரை முழுக்கப் புகழ எனக்கு மனசு வரவில்லை. போட்டிக் கம்பெனிகளை விலைக்கு வாங்கிப் போட்டார். மற்றவர்கள் சரக்கை விற்காதபடி கடைக்காரர்களைக் கட்டிப்போட்டார். 1915-ல் அமெரிக்க நீதிமன்றம் கோடக் கம்பெனி சட்டத்துக்கு விரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தது. ஹனிபல் குட்வின் என்ற பாதிரியார் 1887-லேயே பிலிமுக்குக் காப்புரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். அது கைக்கு வந்தது 1898-ல். 1900-ல் அவர் இறந்துவிட்டார். அந்தக் காப்புரிமையை வைத்திருந்தவர்கள் வழக்கு நடத்தி ஜெயித்து, 1914-ல் கோடக் 50 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. எல்லாப் பெருமையும் ஒருத்தர் பெயரிலேயே எழுதிவிடுகிறோம், குட்வினை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

சம்பாதித்த பணத்தை அவர் கட்டி வைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1919-ல் தன் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியை, 1 கோடி டாலர் மதிப்புள்ளதை, தொழிலாளர்களுக்குக் கொடுத்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1912-லிருந்து ஸ்மித் என்ற பெயரில் யாரோ கோடிக்கணக்கில் அள்ளிக் கொடுத்தார்கள். அந்த ஸ்மித் ஈஸ்ட்மன்தான் என்பது 1920-ல்தான் வெளியே தெரிந்தது. ராசெஸ்டரில் இசைக் கல்லூரி, ஏழைப் பிள்ளைகளுக்குப் பல் மருத்துவமனை, லண்டன், ரோம், பாரிஸிலும் பல் மருத்துவமனை. இன்னொரு வேடிக்கை: வருஷத்துக்கு 13 மாதம், மாதத்துக்கு 28 நாள் என்ற காலண்டர் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். கோடக் கம்பெனியில் 1928-லிருந்து 1989 வரை அந்தக் கணக்கில்தான் வேலை நடந்தது. நல்லவேளை, நம்ம ஹாஸ்டலுக்கு அது வரவில்லை. 13 மெஸ் பில் கட்டவேண்டியிருக்கும்!

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா 1907-ல் காலமானார். வயதான காலத்தில் முதுகெலும்பு நோய் வந்து, நிற்கவும் நடக்கவும் சிரமம், தீராத வலி. 1932 மார்ச் 14-ந் தேதி, 77-வது வயதில், நண்பர்களுக்குச் சின்னக் கடிதம் ஒன்று எழுதி வைத்துவிட்டுத் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார். இதை விட்டுவிட்டு எழுதலாமா என்று யோசித்தேன். விட மனசில்லை. ஊரெல்லாம் சிரித்த முகத்தோடு படம் எடுத்துக்கொள்ள வழி செய்தவர், அவ்வளவு பெரிய வீட்டில் அந்த வலியோடு இருந்திருக்கிறார். 1949-லிருந்து அந்த வீடு போட்டோகிராபி மியூசியமாக இருக்கிறது.

அவர் போய் 43 வருஷம் கழித்து, 1975-ல், அவருடைய கம்பெனியிலேயே ஸ்டீவன் சாஸன் என்ற இளம் என்ஜினீயர் பிலிம் இல்லாத கேமராவைச் செய்தார். எடை 3.6 கிலோ. ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி. கறுப்பு வெள்ளை, மொத்தம் 10,000 புள்ளி. பிலிம் விற்றுப் பிழைக்கிற கம்பெனிக்கு அதைத் தீவிரமாக வளர்க்க மனம் வரவில்லை. 2012-ல் கோடக் திவால் மனுக் கொடுத்து, 2013-ல் சின்னக் கம்பெனியாக மீண்டு வந்தது. வாடிக்கையாளரையே மாற்றிய ஈஸ்ட்மன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இனி நம்ம விஷயம். ஐ.வி. போக, வீட்டு விசேஷத்துக்கு வைத்துக்கொள்ள, விலை குறைந்த டிஜிட்டல் கேமரா எதை வாங்கலாம் என்று ஹாஸ்டலில் தினமும் பட்டிமன்றம் நடக்கிறது. மெகாபிக்சல் கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். சாதாரண 6 × 4 இஞ்ச் பிரிண்டுக்கு, இஞ்சுக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் 1800 × 1200, அதாவது 21,60,000 புள்ளி போதும். பழைய 5 மெகாபிக்சல் கேமராவே அதைத் தாண்டிவிடும். டிஜிட்டல் ஜூம் என்பது ஜூமே இல்லை, இருக்கிற படத்தை வெட்டிப் பெரிசாக்குவது. லென்ஸ் நகர்கிற ஜூம் இருக்கிறதா என்று பாருங்கள். கேமரா விலையோடு சேர்த்து, 25 டாலர் கோடக்குக்குப் பின்னால் ஒரு 10 டாலர் நின்றதே, அதையும் நினையுங்கள். செகண்ட் ஹாண்ட் என்றால் அந்த பேட்டரியும் சார்ஜரும் இன்னும் கிடைக்கிறதா, இல்லை கடையில் விற்கிற பென்சில் செல்லிலேயே ஓடுமா என்று கேளுங்கள். ரொம்பப் பழைய மாடல் சிலதில் 2 ஜி.பி.க்கு மேல் கார்டு போட்டால் எடுக்காது. உங்க கார்டையே கையோடு கொண்டுபோய்ப் போட்டு, வெயிலில் ஒன்று, ரூமுக்குள் ஒன்று என்று பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.