குற்றாலச் செடிகளும் ராபர்ட் வைட்டும்

ஸ்காட்லாந்தில் 1796ஆம் ஆண்டு பிறந்த மருத்துவர் ராபர்ட் வைட், கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியேற்று 1819இல் சென்னை வந்தார். தென்னகத் தாவரங்களை ஆராய்ந்த அவர், குற்றால மலைச்சாரலிலும் செடிகளைத் திரட்டினார்.

இலையை மட்டும் கண்டு தாவர இனத்தை உறுதிசெய்வது அரிது. பூவைப் பிரித்து, மகரந்தத்தாள், சூலகம் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் அமைப்பையும் ஒப்பிடவேண்டும். உலர்த்திய செடியிலோ பூவின் வடிவு சிதைந்துவிடும். இக்குறையை நீக்க, ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் பூவின் உறுப்புகளைத் தனித்தனியே வரைந்தளித்தனர்.

அவ்வோவியங்கள் நிறைந்த வைட்டின் பெருநூல் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஆர்க்கிட் பேரினம் ஒன்றிற்குக் கோவிந்துவின் பெயரையே அவர் சூட்டினார். வைட் 1872இல் மறைந்தார். தென்னகத் தாவரங்களை உலகம் அறிந்ததில் அவ்வோவியர் இருவருக்கும் பெரும்பங்கு உண்டு.