ருக்மாபாய் அம்மையார்

மக்கள் வாழ்வை நெறிப்படுத்துவன இரண்டு. ஒன்று, முன்னோர் வழிவந்த வழக்கம்; மற்றொன்று, அரசு வகுத்த சட்டம். இவ்விரண்டும் அறத்தைத் தழுவி நிற்குமாயின் மக்கள் நலம் பெறுவர். அறத்தினின்றும் வழுவுமாயின், அவற்றால் முதலில் துன்புறுவோர் எளியோரே. நம் நாட்டில் நெடுங்காலம் அவ்வாறு துன்புற்றோர் பெண்டிர். எந்த வயதில் மணம் புரிவது, யாரை மணப்பது, யார் இல்லத்தில் வாழ்வது, கணவனை இழந்தபின் எவ்வுடை உடுப்பது என்னும் யாவற்றையும் அவர்பொருட்டுப் பிறரே முடிவு செய்தனர். தன் உடலின்மீதும் தனக்கு உரிமையின்றிப் பெண் வாழ்ந்தாள். அத்தகைய நாளில், வழக்கமும் சட்டமும் ஒருங்கே எதிர்த்து நின்றபோதும் கலங்காது, சிறைபுகவும் துணிந்த இளநங்கை ஒருவர் பம்பாயில் இருந்தார். அவரே ருக்மாபாய் அம்மையார்.

பிறப்பும் வளர்ப்பும்

ருக்மாபாய் 1864ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22ஆம் நாள் பம்பாய் நகரில் பிறந்தார். தந்தையார் ஜனார்த்தன் பாண்டுரங், தாயார் ஜயந்திபாய். ருக்மாபாய் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்தபோதே தந்தையார் காலமானார். அப்பொழுது தாயார்க்கு வயது 17. அவர்தம் குலத்தில் கைம்பெண் மறுமணம் விலக்கப்படவில்லை. ஆதலின், சில ஆண்டுகள் சென்றபின் ஜயந்திபாய், சகாராம் அர்ஜுன் என்னும் மருத்துவரை மணந்தார். முதற்கணவர் விட்டுச்சென்ற சொத்தினை மகளுக்கே உரிமையாக்கினார்.

சகாராம் அர்ஜுன் கற்றறிந்த பெருந்தகை. பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பயிரியல் கற்பித்தவர். 1883ஆம் ஆண்டில் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நிறுவியோருள் ஒருவர். அவர் ருக்மாபாயைத் தம் மகளாகவே கருதி வளர்த்தார். ஆயினும் ஊர் வழக்கத்தை அவராலும் முற்றிலும் மீற இயலவில்லை. ருக்மாபாயின் 11ஆம் வயதில், தம் உறவினரான தாதாஜி பிகாஜி என்னும் 19 வயது இளைஞருக்கு அவரை மணம் செய்வித்தனர். மருமகன் மனைவியின் இல்லத்தில் தங்கிக் கல்வி கற்று நன்னிலை அடைதல் வேண்டும் என்பது பெரியோர் செய்துகொண்ட உடன்பாடு.

பெண் பூப்பெய்தியவுடன் இருவரையும் கூட்டி வைத்தல் அந்நாளைய வழக்கம். மருத்துவராகிய சகாராம் அர்ஜுன் அதற்கு இசையவில்லை. உடல் முதிராத சிறுமிக்கு அத்தகைய வாழ்வு பெருந்தீங்கு பயக்கும் என்பதை அவர் அறிவார். தாதாஜியோ கல்வியை வெறுத்தார், மாமனார் இல்லத்தை விட்டு நீங்கித் தம் உறவினர் வீட்டை அண்டி வாழ்ந்தார், நோய்வாய்ப்பட்டார், கடனும் பட்டார்.

ருக்மாபாயின் வாழ்வு இதற்கு நேர்மாறான நெறியில் வளர்ந்தது. மணமானபின் பள்ளிக்குச் செல்லுதல் அவருக்குக் கூடாததாயிற்று. ஆயினும் கிறித்தவச் சமயத் தொண்டர் நூலகம் ஒன்றிலிருந்து நூல்களை வருவித்து, இல்லத்திலிருந்தவாறே ஆங்கிலம் பயின்றார். பிரார்த்தனை சமாஜம், ஆரிய மகளிர் சமாஜம் ஆகியவற்றின் கூட்டங்களில் அறிஞர் உரைகளைக் கேட்டார். அறிவு வளர வளர, தம் இசைவின்றி நிகழ்ந்த அம்மணத்தின் கொடுமையும் அவர் உள்ளத்தில் தெளிவாயிற்று.

வழக்கு

1884ஆம் ஆண்டில் தாதாஜி, மனைவியைத் தம் இல்லத்திற்கு அனுப்புமாறு வழக்குரைஞர் வாயிலாகக் கடிதம் விடுத்தார். ருக்மாபாய்க்கு அப்பொழுது வயது 19. அவர் செல்ல மறுத்தார். தாதாஜி பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

இவ்வழக்கின் இயல்பை நாம் நன்கு அறிதல் வேண்டும். பிரிந்துசென்ற மனைவியையோ கணவனையோ மீண்டும் சேர்ந்து வாழுமாறு கட்டளையிடும்படி நீதிமன்றத்தைக் கேட்பது, இங்கிலாந்து நாட்டுச் சமய மன்றங்களில் தோன்றிய முறையாகும். ஆங்கிலேயர் ஆட்சியில் அம்முறை நம் நாட்டிற்கு வந்தது. 1867ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவி கவுன்சில் அதற்கு இந்தியாவில் இடமுண்டு என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றக் கட்டளைக்குப் பணியாதவரைச் சிறையிலிடவும், அவர் சொத்தைக் கைப்பற்றவும் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம் வழிவகுத்தது. இதில் வியப்பு யாதெனின், இங்கிலாந்தில் அத்தகைய சிறைத்தண்டனையை 1884ஆம் ஆண்டிலேயே ஒழித்துவிட்டனர். தம் நாட்டில் கொடிதென்று கைவிட்டதை அவ்வாட்சியாளர் நம் நாட்டில் நிலைநிறுத்தியிருந்தனர்.

வழக்கு நடைபெறுங்கால், 1885ஆம் ஆண்டு ஏப்பிரலில் சகாராம் அர்ஜுன் மறைந்தார். தம் வாழ்வின் பெருந்துணையை இழந்தும் ருக்மாபாய் உறுதி குன்றவில்லை. அவ்வாண்டில் ஓர் இந்துப் பெண்மணி என்னும் புனைபெயரில் டைம்ஸ் ஆப் இந்தியா இதழுக்குக் கடிதங்கள் எழுதினார். மணமான சிறுவன் தொடர்ந்து கல்வி பயில்கிறான். மணமான சிறுமியின் கல்வியோ அன்றே முடிகிறது. மனைவியை இழந்தவன் மறுநாளே மணம் புரியலாம். கணவனை இழந்த சிறுமியோ வாழ்நாள் முழுதும் வாடுதல் வேண்டும். இவ்வேற்றுமைகளை அவர் அக்கடிதங்களில் தெளிவாக எடுத்துக்காட்டினார். கற்றோர் பலர் அவற்றைப் படித்து வியந்தனர். எழுதியவர் யாரென்று பின்னரே அறிந்தனர்.

1885ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பு வழங்கினார். ஒருங்கு வாழ்ந்து பிரிந்தோரை மீண்டும் சேர்ப்பதே இச்சட்டத்தின் நோக்கம். இவ்விருவரோ ஒருநாளும் கூடி வாழ்ந்தவரல்லர். அறியாப் பருவத்தில் மணம் செய்விக்கப்பட்ட பெண்ணை, அவள் விருப்பத்திற்கு மாறாக ஒருவர் இல்லத்திற்கு அனுப்புதல் நேர்மையன்று என்பது அவர் கருத்து. எனவே தாதாஜியின் வழக்கைத் தள்ளினார்.

நாடெங்கும் பேச்சு

இத்தீர்ப்பு நாடெங்கும் பெரும் பூசலை எழுப்பியது. இந்துக்களின் திருமணம் ஒப்பந்தமன்று, சமயச் சடங்கு. அதற்குப் பெண்ணின் இசைவு வேண்டுவதில்லை. அயலார் அரசு அதில் தலையிடுதல் தகாது என்று பலர் வாதிட்டனர். நாட்டு விடுதலைக்குப் பின்னாளில் பெருந்தொண்டு புரிந்த பாலகங்காதர திலகரும் இக்கருத்தினரே. அவர்தம் கேசரி இதழ் ருக்மாபாயைக் கடிந்தெழுதியது. மறுபுறம், குழந்தை மணத்தை எதிர்த்துத் தொண்டாற்றிய பெஹ்ராம்ஜி மலபாரி முதலிய சீர்திருத்தக்காரர் அவர் பக்கம் நின்றனர். அவர் வழக்கிற்குத் துணைபுரியப் பம்பாயில் ஒரு குழுவும் அமைந்தது.

ஈண்டு நாம் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அயலார் சட்டம் நம் இல்லறத்தில் புகலாகாது என்றவர்களே, அவ்வயலார் சட்டத்தைக் கொண்டே ஒரு பெண்ணைச் சிறையிலிட முற்பட்டனர். நம் பழைய அறநூல்கள் மனைவிக்குக் கடமைகள் பல விதித்தன. எனினும் கணவன் இல்லம் செல்லாதவளைச் சிறையிலிடும் நீதிமன்ற முறை அவற்றில் இல்லை. வழக்கத்தின் கடுமையும் சட்டத்தின் வலிமையும் கைகோத்தபோது, பெண் முன்னினும் மிகுதியாகக் கட்டுண்டாள்.

தாதாஜி மேன்முறையீடு செய்தார். 1886ஆம் ஆண்டில் தலைமை நீதிபதி சார்ஜென்டும் நீதிபதி பெய்லியும் முன்னைய தீர்ப்பை விலக்கி, வழக்கை மீண்டும் விசாரிக்கப் பணித்தனர். 1887ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் நீதிபதி ஃபாரன், ருக்மாபாய் ஒரு திங்களுக்குள் கணவர் இல்லம் செல்லுதல் வேண்டும். மறுப்பின் ஆறு திங்கள் சிறையில் இருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டார்.

அப்பொழுது ருக்மாபாய்க்கு வயது 22. தந்தையும் இல்லை, வளர்த்த தந்தையும் இல்லை. உறவினர் ஏசினர், இதழ்கள் தூற்றின. சிறைச்சாலையின் பெயரைக் கேட்பினும் குலமகளிர் நடுங்கிய காலம் அது. ஒரு சொல் இசைந்து கூறியிருப்பின் அத்துன்பம் அனைத்தும் அன்றே நீங்கியிருக்கும். ஆயினும், மனம் பொருந்தா மணவாழ்வை ஏற்பதினும் சட்டம் விதிக்கும் மிகக் கொடிய தண்டனையையும் ஏற்பதே தமக்கு உவப்பு என்று அவர் அறிவித்தார். கோட்டைகளை வென்ற வீரத்தினும் இவ்வீரம் குறைந்ததாகுமோ?

வழக்கு மேலும் நீளும் நிலையில், 1888ஆம் ஆண்டு ஜூலையில் இருதிறத்தாரும் உடன்பட்டனர். தாதாஜி 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, தம் உரிமையைக் கைவிட இசைந்தார். பின் வேறொரு பெண்ணை மணந்தார். ருக்மாபாய் சிறைபுகாமலே விடுதலை பெற்றார்.

மருத்துவத் தொண்டு

பம்பாய்க் காமா மருத்துவமனையின் தலைவர் எடித் பீச்சி என்னும் அம்மையார், ருக்மாபாயின் உள்ளத்துறுதியைக் கண்டு மகிழ்ந்து, மருத்துவம் கற்குமாறு அவரை ஊக்கினார். அன்பர்கள் பொருளுதவினர். 1889ஆம் ஆண்டில் ருக்மாபாய் கடல் கடந்து இங்கிலாந்து சென்றார். இலண்டன் மகளிர் மருத்துவப் பள்ளியில் பயின்று, 1894ஆம் ஆண்டில் பட்டம் பெற்று மீண்டார்.

அக்காலத்துப் பெண்டிர் ஆடவரான மருத்துவர்க்குத் தம் நோயை உரைக்கவும் நாணினர். திரைக்குள் வாழ்ந்த மகளிர் பலர், தீரக்கூடிய நோய்க்கும் மருத்துவம் பெறாது இறந்தனர். பேறுகாலத்தில் மாண்ட தாய்மாரும் பலர். அவர் துயர் துடைக்க வந்த முன்னோடி மகளிர் மருத்துவருள் ருக்மாபாயும் ஒருவர். சூரத்திலும் பின்னர் ராஜகோட்டிலும் மகளிர் மருத்துவமனைகளின் தலைமை ஏற்று, ஏறத்தாழ 35 ஆண்டுகள் பணிபுரிந்தார். அவர் பின்னர் மணம் செய்துகொள்ளவில்லை. 1904ஆம் ஆண்டில் தாதாஜி இறந்தபோது ருக்மாபாய் கைம்மைக்குரிய வெள்ளுடை உடுத்தார் என்பர். நீதிமன்றத்தை எதிர்த்து நின்றவரையும் ஊர் வழக்கம் எத்துணை வலிதாகப் பற்றியிருந்தது என்பதை இது காட்டுகிறது. ஆயினும் அவர் கருத்து மாறவில்லை. முதுமையிலும் மகளிரைத் திரைக்குள் அடைத்தல் தீது என வலியுறுத்தி 1929ஆம் ஆண்டில் ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

விளைந்த பயன்

ருக்மாபாயின் வழக்கு எழுப்பிய சிந்தனை வீண்போகவில்லை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம், கணவன் மனைவியைக் கூடுதற்குரிய வயதெல்லையை 10 என்றே வைத்திருந்தது. 1890ஆம் ஆண்டில், கணவனால் உயிரிழந்த 11 வயதளவினளான ஒரு வங்கச் சிறுமியின் வழக்கு கல்கத்தாவில் நடந்தது. அவள் 10 வயதைக் கடந்தவள் என்பதனால், அக்கணவன் ஓராண்டுக் கடுங்காவலோடு தப்பினான். நாடு நடுங்கியது. அடுத்த ஆண்டு, 1891இல், அவ்வயதெல்லை 12 ஆக உயர்ந்தது. மனைவியைச் சிறையிலிடும் முறை 1923ஆம் ஆண்டில் ஒழிந்தது. 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 என விதித்தது. 1978ஆம் ஆண்டில் அது 18 ஆயிற்று. பதினெட்டு வயது நிரம்பாத மனைவியைக் கூடுதலும் வன்கொடுமையே என 2017ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சேர்ந்து வாழுமாறு கட்டளை கேட்கும் முறை மட்டும் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்திலும் இடம்பெற்றது. ஆந்திர உயர்நீதிமன்றம் 1983ஆம் ஆண்டில் அது செல்லாது என்றது. 1984ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. அம்மையார் எழுப்பிய வினா அவர் காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பது இதனால் விளங்கும்.

முடிவுரை

ருக்மாபாய் அம்மையார் 1955ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள், தம் 90ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் படை திரட்டவில்லை. பெரும்பதவி வகித்துச் சட்டம் இயற்றவும் இல்லை. தமக்குச் சரியெனப் பட்டதைச் சொல்லி, அதன் விளைவை ஏற்க முன்வந்தார், அவ்வளவே. ஒருவர் உறுதியாக மறுத்து நின்றதனால், வழக்கமென்று பணிந்த பலரும் அவ்வழக்கம் அறமாமோ என்று எண்ணத் தொடங்கினர்.

மாணவ மாணவியரே! பழையது என்பதனால் ஒன்று நன்றாகாது; சட்டம் என்பதனாலும் ஒன்று நேர்மையாகிவிடாது. அது யாரை வருத்துகின்றது, வருந்துவோரின் சொல்லுக்குச் செவி சாய்க்கின்றதா என்று ஆராய்ந்து பார்த்தலே கற்றார் கடன். பெண்ணின் வாழ்வைப் பற்றி முடிவு செய்யுமிடத்து முதற்கண் கேட்கத்தக்கது அப்பெண்ணின் சொல்லே என்பதை ருக்மாபாய் அம்மையாரின் வாழ்வு நமக்கு அறிவுறுத்துகின்றது.